வாடகை இருக்கு, அட்வான்ஸ் இல்ல

போன வாரம் எபிசோட் வரல, ஆபீஸ்ல ரிலீஸ் நேரம், மன்னிச்சிருங்க. இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்ல. நான் ஒரு தப்பு பண்ணேன். அதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

தாம்பரம் பக்கத்துல ஒரு சின்ன காப்பகத்துக்கு சனி, ஞாயிறுல வாலண்டியரா போறேன். வீடு இல்லாத குடும்பங்கள் கொஞ்ச நாள் தங்கிட்டு, ஒரு வாடகை வீடு பார்த்துக் கிளம்புற இடம். அங்க இருக்கிறவங்களுக்காக அதோட பேரைச் சொல்லாம விடுறேன்.

அங்க ஒரு குடும்பம் வந்தாங்க. அண்ணன் சண்முகம் சாலை மார்க்கெட்ல காய்கறி லோடு இறக்குறவர். அக்கா ஸ்டேஷன் வாசல்ல பூ கட்டி விக்கிறவங்க. 12 வயசுல பையன், 8 வயசுல பொண்ணு. ரெண்டு பேரும் சம்பாதிக்கிறாங்க. அப்போ ஏன் வீடு இல்ல? எனக்கும் அதே கேள்விதான்.

முன்னாடி ஒரு ஒத்த ரூம் வீட்டுல இருந்தாங்க. வாடகை 5,000, அட்வான்ஸ் 40,000. அண்ணனுக்குக் கால் எலும்பு முறிஞ்சுது. வேலை போச்சு, வாடகை நின்னுச்சு. ஹவுஸ் ஓனர்கிட்ட நாம எல்லாரும் சொல்ற அதே வார்த்தையைத்தான் அவங்களும் சொன்னாங்க: "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க." கழிச்சாங்க. 8 மாசம். 40,000 முடிஞ்சுது. ஓனரும் கெட்டவர் இல்ல, 8 மாசம் பொறுத்தவர். ஆனா அட்வான்ஸ் முடிஞ்சதும் காலி பண்ணச் சொல்லிட்டார்.

வீட்டைக் காலி பண்ண அன்னைக்கு அண்ணன் திரும்ப வேலைக்குப் போக ஆரம்பிச்சிருந்தார். அடுத்த மாசம் 5,000 வாடகை கட்ட அவங்களால முடியும். அடுத்த வீட்டுக்குக் கேட்ட 50,000 அட்வான்ஸைக் கட்ட முடியாது. வாடகை இருக்கு, அட்வான்ஸ் இல்ல. நாலு பேர் ரோட்டுக்கு வர்றதுக்கு அது போதும்.

நான் சேலையூர்ல வீடு எடுத்தப்போ ஒரு லட்சம் அட்வான்ஸ் கேட்டாங்க. அப்பாகிட்ட பாதி, கிரெடிட் கார்டுல பாதி. ரெண்டு நாள்ல முடிஞ்சுது. அந்த 'அப்பா'வும் அந்த 'கார்டு'ம் இல்லாதவங்களுக்கு அதே கதவு எப்படி இருக்கும்னு நான் யோசிச்சதே இல்ல.

சட்டம் என்ன சொல்லுது? தமிழ்நாட்டுல புது வாடகைச் சட்டம் 2017ல நிறைவேறி, 2019 பிப்ரவரில நடைமுறைக்கு வந்துச்சு. அதுல மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாதுன்னு இருக்கு. ஆனா கூடவே ஒரு வரி: ஒப்பந்தத்துல வேற மாதிரி பேசிக்கிட்டா தவிர. அந்த ஒரு வரி வழியாத்தான் சென்னையோட பழைய பத்து மாச அட்வான்ஸ் இன்னும் உள்ள வந்துட்டிருக்கு.

சரி, என் தப்புக்கு வரேன். காப்பகத்துல நான் ஒரு ஷீட் போட்டேன். ஏரியா, வாடகை, அட்வான்ஸ். குறைஞ்ச அட்வான்ஸ் எங்கன்னு சார்ட் பண்ணேன். படப்பை தாண்டி ஒரு வீடு மேல வந்து நின்னுச்சு. வாடகை 3,500, அட்வான்ஸ் 15,000. வாலண்டியர்கள் பணம் போட்டோம். பால் காய்ச்சினோம். அந்த போட்டோவை நான் ஸ்டேட்டஸ் வச்சேன். நிறைய பேர் ஹார்ட் போட்டாங்க.

மூணு வாரம் கழிச்சு, ராத்திரி 11 மணிக்கு ஆபீஸ்ல இருந்து வர்றேன். தாம்பரம் ஸ்டேஷன் வெளியில அக்கா உக்காந்திருக்காங்க. பொண்ணு மடியில, பையன் பக்கத்துல படுத்திருக்கான். உண்மையைச் சொல்றேன், எனக்குக் கோபம்தான் வந்துச்சு. இவ்ளோ பண்ணோமேன்னு.

அக்கா சொன்னாங்க: "வீடு நல்லாதான் தம்பி இருக்கு. ஆனா அவருக்கு லோடு விடிகாலை மூணு மணிக்கு. அங்கேர்ந்து எந்த பஸ்ல வருவாரு? ராத்திரி கடைசி ட்ரெயின் கூட்டம் இருக்கிற வரைக்கும் எனக்கு வியாபாரம். அதுக்கப்புறம் நான் எந்த பஸ்ல போவேன்?"

அண்ணன் மார்க்கெட்டுலயே தூங்குறார். அக்காவும் பசங்களும் பாதி நாள் ஸ்டேஷன்ல. வீட்டைப் பூட்டி வச்சுட்டு அதுக்கு வாடகை கட்டிட்டிருந்தாங்க. என் ஷீட்ல 'வேலை செய்ற இடம்'னு ஒரு காலமே இல்ல.

இதை நான் அன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன். நாடு 1985லயே கேட்ட விஷயம் இது. பம்பாய் நடைபாதைவாசிகளை வெளியேத்துறதை எதிர்த்து ஓல்கா டெல்லிஸ்ங்கிற பத்திரிகையாளரும் அங்க வாழ்ந்தவங்களும் போட்ட வழக்கு. உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: இவங்க நடைபாதையில இருக்கிறது வேலை பக்கத்துல இருக்கிறதால, அங்கிருந்து எடுத்தா பிழைப்பு போகும், பிழைப்பு போனா உயிர் வாழுற உரிமையும் போகும். அதே தீர்ப்பு, முறைப்படி நோட்டீஸ் கொடுத்து அப்புறப்படுத்தலாம்னும் சொல்லுச்சு. ஆனா வேலைக்கும் படுக்கிற இடத்துக்கும் உள்ள முடிச்சு அன்னைக்கே பதிவாயிடுச்சு.

நம்ம தெற்குப் புறநகர்ல இந்த முடிச்சு அறுந்தா என்ன ஆகும்னு பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் அடையாறு, கூவம் கரையில இருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினாங்க. அடுக்குமாடி, கான்கிரீட், லிஃப்ட். பேப்பர்ல பார்த்தா நிரந்தர வீடு. ஆனா வீட்டு வேலை, கட்டட வேலை, பசங்க ஸ்கூல் எல்லாம் பழைய இடத்துல. பல குடும்பங்கள் ரெண்டுக்கும் நடுவுல அல்லாடினாங்க. நான் படப்பையில ஒரு குடும்பத்துக்குப் பண்ணதை, அரசாங்கம் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பண்ணியிருக்கு.

"காப்பகம் இருக்கே, அங்கேயே இருக்கலாமே?"ன்னு நண்பன் ஒருத்தன் கேட்டான். காப்பகங்கள் முக்கியம்தான். 2010ல உச்ச நீதிமன்றம், உணவு உரிமை வழக்குல, பெரிய நகரங்கள்ல ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருஷம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்கணும்னு சொல்லுச்சு. தாம்பரம் 2021 நவம்பர்ல மாநகராட்சி ஆச்சு. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர்னு எல்லாத்தையும் சேர்த்து. 2011 கணக்குலயே இந்தப் பகுதிகள்ல 7 லட்சம் பேருக்கு மேல. அந்த அளவுகோலை வச்சா குறைஞ்சது 7 காப்பகம் வேணும். உங்க வார்டு பக்கத்துல ஒண்ணு எங்க இருக்குன்னு தெரியுமா? கவுன்சிலர்கிட்ட கேட்டுப் பாருங்க.

ஆனா காப்பகம்னா பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. 12 வயசுப் பையன் அம்மாகூட பெண்கள் பக்கம் இருக்க முடியாது. குடும்பமா இருக்கணும்னா பிளாட்பாரம், பிரியணும்னா காப்பகம். எந்த அம்மா எதைத் தேர்ந்தெடுப்பாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

இதை வேற மாதிரி செஞ்சு காட்டினவங்க நம்ம பக்கத்துலயே இருக்காங்க. 'தி பேன்யன்'. 1993ல வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார்னு ரெண்டு இளம்பெண்கள் சென்னையில ஆரம்பிச்ச அமைப்பு. மனநோயோட தெருவுல இருந்த பெண்களுக்கு முகப்பேர்ல 'அடைக்கலம்'னு ஒரு இடம். நிறைய பேர் குணமாகி ஊருக்குப் போனாங்க. ஆனா சில பேருக்குப் போக வீடே இல்ல. அவங்க காப்பகத்துலயே வருஷக்கணக்கா இருக்க வேண்டியதா போச்சு.

2015ல இவங்க 'ஹோம் அகெய்ன்' ஆரம்பிச்சாங்க. சாதாரண தெருவுல சாதாரண வாடகை வீடு. நாலஞ்சு பேர் சேர்ந்து ஒரு குடும்பம் மாதிரி. கூட உதவிக்கு ஆள். கோவளம் பக்கத்துலயும் இந்த வீடுகள் உண்டு. என்ன சமைக்கிறது, எப்போ தூங்குறது, யார் கடைக்குப் போறது, எல்லாம் அவங்க முடிவு. பல வருஷம் காப்பகத்துல இருந்தவங்க பக்கத்து வீட்டுக்காரங்களா ஆனாங்க. உலக சுகாதார அமைப்பு 2021ல வெளியிட்ட சமூக மனநல வழிகாட்டில நல்ல உதாரணங்கள்ல ஒண்ணா இதைச் சேர்த்திருக்கு. அவங்க பிரச்சினை வேற, நம்ம பூ விக்கிற அக்கா பிரச்சினை வேற. ஆனா பாடம் ஒண்ணுதான்: சாவியைக் கொடுத்ததோட வேலை முடியாது. சாவிக்கு அப்புறம் ஒரு துணை வேணும்.

ஃபின்லாந்து 2008ல இருந்து இதைத்தான் தேசிய அளவுல செய்யுது. முதல்ல நிரந்தர வீடு, மத்த பிரச்சினையெல்லாம் அப்புறம். "அவங்க பணக்கார நாடு"ன்னு சொல்லலாம். உண்மைதான். ஆனா நம்ம அக்காவுக்குத் தேவைப்பட்டது இலவச வீடு இல்ல. ஸ்டேஷன் பக்கத்துல ஒரு ரூமும், அட்வான்ஸுக்கு ஒரு கடனும்தான்.

ரெண்டாவது தடவை நாங்க வேற மாதிரி செஞ்சோம். முதல்ல அண்ணன்கிட்டயும் அக்காகிட்டயும் கேட்டோம். அவங்களே நடந்து போய் இடம் பார்த்தாங்க. கடப்பேரில ஒரு லைன் வீடு. ஒத்த ரூம், பொது பாத்ரூம், வாடகை 5,500. ஓனரம்மா 50,000 கேட்டாங்க. ரெண்டு வாலண்டியர்கள் போய்ப் பேசினோம். "வாடகை நின்னா எங்களைக் கூப்பிடுங்க"ன்னு நம்பர் கொடுத்தோம். மூணு மாச அட்வான்ஸுக்கு, 16,500க்கு ஒத்துக்கிட்டாங்க. அந்தப் பணம் தானம் இல்ல, வட்டியில்லாத கடன். மாசம் 500. திரும்பி வர்ற பணம் அடுத்த குடும்பத்துக்குப் போகும். "கடனா கொடுத்தா தலை நிமிர்ந்து வாங்கிக்குறேன்"னு சொன்னது அக்காதான்.

இந்தத் தடவை ஸ்டேட்டஸ் வைக்கல. எட்டு மாசம் ஆச்சு. ஒரு மாசம் வாடகை தாமதமாச்சு, ஓனரம்மா கூப்பிட்டாங்க, நாங்க போனோம், பேசினோம், சரியாச்சு. பையன் ஸ்கூலுக்கு நடந்தே போறான். அடுத்த வருஷம் வாடகை ஏத்துவாங்களான்னு ஒரு பயம் இருக்கு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

நீங்க என்ன செய்யலாம்? மூணு விஷயம்.

ஒண்ணு, பேப்பர் வேலை. வீடு இல்லாதவங்களுக்கு ஓட்டு இல்லைன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. தப்பு. படிவம் 6ல தூங்குற இடத்தைச் சொன்னா போதும், முகவரிச் சான்று தேவையில்ல. பூத் அலுவலர் ராத்திரில அங்க வந்து, அவர் நிஜமாவே அங்கதான் தூங்குறாரான்னு பார்க்கணும்னு தேர்தல் ஆணையத்தோட விதியே இருக்கு. ஆதாருக்கு, அங்கீகாரம் உள்ள காப்பகத்தோட பொறுப்பாளர் சான்று கொடுக்கலாம். வயசுச் சான்று இல்லைன்னு குழந்தையை ஸ்கூல்ல சேர்க்காம இருக்கக் கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்லுது. ஃபார்ம் நிரப்புறது, கூடப் போய் வரிசையில நிக்கிறது, இதெல்லாம் நம்மளால நல்லாவே முடியும்.

ரெண்டு, உதவி பண்றதுக்கு முன்னாடி கேளுங்க. எங்க வேலை, எத்தனை மணிக்கு, பசங்க எங்க படிக்கிறாங்க. நான் கேக்கல. அதுக்கான விலையை அந்தக் குடும்பம் மூணு வாரம் கொடுத்துச்சு.

மூணாவதுதான் கொஞ்சம் கஷ்டம். இதைக் கேக்குற உங்கள்ல பல பேர் வீட்டுல, மாடியில ஒரு போர்ஷன் வாடகைக்கு இருக்கும். குரோம்பேட்டையில, செம்பாக்கத்துல, மாடம்பாக்கத்துல. இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது அப்பா அம்மாகிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "நாம ஏன் பத்து மாச அட்வான்ஸ் வாங்குறோம்? மூணு மாசம் போதாதா?" பதில் உடனே வராது. கொஞ்சம் சண்டை கூட வரலாம். எங்க வீட்டுல வந்துச்சு. ஊர்ல எங்க வீட்டு மாடிக்கு அப்பா இப்போ நாலு மாசம்தான் வாங்குறார். மூணுக்கு இன்னும் பேச்சுவார்த்தை நடக்குது.

அவ்ளோதான் மக்களே. தாம்பரம் ஸ்டேஷன் வாசல்ல ராத்திரி பூ வாங்கினா, பேரம் பேசாதீங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.