தொண்டர் வீட்டுப் பிள்ளை



மேலைநாட்டுக் கிறிஸ்தவ திருச்சபைகள் பலவற்றில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பாடசாலை விடுமுறை தொடங்கியதும் தாயும் மகளுமாக, தந்தையும் மகனுமாகப் புறப்பட்டு, வேறொரு நாட்டிலே நடைபெறும் கிறிஸ்தவ இளைஞர் முகாமுக்குச் சென்று சில வாரங்கள் ஊழியம் செய்துவிட்டுத் திரும்புவார்கள். தாய் சமையற்கட்டிலே நிற்பார்; மகள் சிறுவர்களுக்குப் பாட்டும் விளையாட்டும் சொல்லிக்கொடுப்பாள். பெற்றவரும் பிள்ளையும் ஒரே வேலைக்குத் தோள்கொடுப்பது எந்தச் சமயத்தவரும் கண்டு மகிழத்தக்க காட்சியே.

ஆயினும், இலக்கியம் படிப்பிக்கும் என் மனத்திலே இதையொட்டி ஒரு கேள்வி எழுவதுண்டு. பெற்றவர் தாமாக விரும்பித் தொண்டுக்குப் போகிறார். பிள்ளை விரும்பிப் போகிறதா, கூட்டிச் செல்லப்படுகிறதா? சில வார முகாமுக்கு இக்கேள்வி பெரிதாகத் தோன்றாது. ஆனால் அந்த முகாம் ஒரு வாழ்நாள் முழுவதும் நீடித்தால்? அந்தப் பிள்ளை வளர்ந்து ஒரு நாள் பேனாவைக் கையில் எடுத்தால் என்ன எழுதும்?

நமது பெரியபுராணத்தை நினைத்துப் பாருங்கள். திங்களூரிலே அப்பூதியடிகள் வீட்டுக்குத் திருநாவுக்கரசர் எழுந்தருளுகிறார். அமுது படைக்க வாழையிலை அரிந்து வரும்படி மூத்த மகனைத் தோட்டத்துக்கு அனுப்புகிறார்கள். பாம்பு தீண்டுகிறது. அந்த நிலையிலும் இலையைக் கொண்டுவந்து தாயின் கையிலே கொடுத்துவிட்டுப் பிள்ளை விழுகிறது. விருந்துக்குத் தடை வரக்கூடாது என்று பெற்றோர் அவ்வுடலை மறைக்கிறார்கள். திருச்செங்காட்டங்குடியிலே சிறுத்தொண்டர் வீட்டில் நடப்பதோ இதனினும் கொடிது. அங்கே பிள்ளையே விருந்தாகிறது. பெற்றோரின் மகிழ்ச்சியைக் கண்டு, ஏதோ நல்லது நடக்கிறது என்று எண்ணிச் சீராளன் சிரித்தான் என்கிறார் சேக்கிழார். அந்தச் சிரிப்பைத் தவிர அப்பிள்ளையின் மனத்தைப் பற்றி நாம் அறிய வேறெதுவுமில்லை.

உயர்தர வகுப்பிலே இப்பகுதியைப் படிப்பித்தபோது ஒரு மாணவன் எழுந்து, “அந்தப் பிள்ளையை ஆராவது கேட்டவையே, சேர்?” என்றான். வகுப்பு சிரித்தது. ஆனால் கேள்வி சிரிப்புக்குரியதன்று. புராணத்துக்கு அக்கேள்வி தேவையில்லை. அங்கே இறைவன் பின்வாசலில் நிற்கிறான். அழைத்தவுடன் சீராளன் பள்ளியிலிருந்து வருபவன் போல ஓடி வருகிறான். திருநாவுக்கரசர் பாட அப்பூதியாரின் மகன் உயிர்பெற்று எழுகிறான். மனித வரலாற்றிலே பிள்ளைகள் அப்படித் திரும்பி வருவதில்லை. அதனாலேதான் அங்கே அந்தக் கேள்வி உயிரோடு நிற்கிறது.

அக்கேள்விக்கு விடை எழுதிய தொண்டர் வீட்டுப் பிள்ளை ஒருவரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அவர் பேர்ள் எஸ். பக் அம்மையார். 1931 இல் வெளிவந்த ‘நல்ல நிலம்’ நாவலின் ஆசிரியராக நம்மில் பலர் அவரை அறிவோம். 1938 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சீனக் குடியானவர் வாழ்க்கையைக் காவியச் செழுமையோடு சித்திரித்தமைக்காக மட்டும் அப்பரிசு வழங்கப்படவில்லை. அவர் எழுதிய வாழ்க்கை வரலாறுகளையும் பரிசுக் குழுவினர் குறிப்பிட்டுப் போற்றினார்கள். அவ்வரலாறுகள் இரண்டு, இரண்டும் 1936 இல் வெளியாயின. தாயைப் பற்றியது ‘த எக்ஸைல்’, அதாவது நாடு துறந்து வாழ்பவள். தந்தையைப் பற்றியது ‘பைற்றிங் ஏஞ்சல்’, போர்புரியும் தேவதூதன். ‘நல்ல நிலம்’ பேசப்பட்ட அளவுக்கு இவ்விரு நூல்களும் நம்மிடையே பேசப்படவில்லை.

பேர்ளின் தந்தை அப்சலோம் சிடென்ஸ்றிக்கர். தாய் கரோலைன். இருவரும் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாப் பகுதியைச் சேர்ந்தவர்கள். 1880 இல் மணம் முடித்த கையோடு மிஷனரிகளாகச் சீனாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் ஏழுபேர். நால்வர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். அவர்களில் மூவர் பேர்ள் பிறக்கும் முன்பே போய்விட்டார்கள். விடுமுறைக்குத் தாயகம் வந்திருந்தபோது, 1892 இல் பேர்ள் பிறந்தார். சில மாதக் குழந்தையாகவே அவரைச் சீனாவுக்குக் கொண்டு சென்றார்கள். யாங்சி ஆற்றங்கரையிலுள்ள சென்ஜியாங் நகரிலே, ஆங்கிலமும் சீனமும் ஒருசேரப் பேசி அவர் வளர்ந்தார்.

தாயைப் பற்றிய நூலிலே ஆசிரியர் சிறுமியான தம்மை ‘நான்’ என்று சொல்லிக்கொள்வதில்லை. தமது நடுப்பெயரான ‘கம்பேட்’ என்பதைப் பாத்திரப் பெயராக்கி, தம்மைத் தூர நிறுத்திப் பார்க்கிறார். தந்தைக்கும் ‘அன்ட்ரூ’ என்று வேறு பெயர் சூட்டுகிறார். வீட்டுக் கதையை வீட்டாருக்கு வெளியே நின்று சொல்லும் இந்த உத்தி, நூலுக்கு ஒரு நிதானத்தைக் கொடுக்கிறது.

அந்நூலில் மறக்கமுடியாத காட்சி ஒன்றுண்டு. கடும் வறட்சிக் காலம். வெளிநாட்டவர் வந்ததாலேயே மழை பொய்த்தது என்று ஊரவர் கொதிக்கிறார்கள். கணவர் ஊரில் இல்லை. இரவிலே தங்களைக் கொல்ல ஆட்கள் வரப்போகிறார்கள் என்று தாய்க்குத் தெரிய வருகிறது. அவர் கதவைப் பூட்டவில்லை. பலகாரமும் தேநீரும் ஆயத்தம் செய்து மேசையில் வைக்கிறார். உறங்கிய குழந்தைகளை எழுப்பி உடுத்தி அருகிலே விளையாட விடுகிறார். கதவுகளைத் திறந்து வைக்கிறார். வந்தவர்களை விருந்தினராக உபசரிக்கிறார். விளையாடும் குழந்தைகளைக் கண்டும் அந்த உபசாரத்தைக் கண்டும் வந்தவர்கள் கைசோர்ந்து திரும்புகிறார்கள். அன்றிரவே மழையும் பெய்கிறது. அப்பூதியார் வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் எத்துணை ஒற்றுமை! எத்துணை வேற்றுமை! இங்கும் விருந்து, இங்கும் பிள்ளைகளின் உயிர் அந்த விருந்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இந்தத் தாய் விருந்து வைத்ததே பிள்ளைகளைக் காப்பதற்காகத்தான்.

கணவர் பரந்த நிலமெங்கும் அலைந்து போதிக்க வேண்டும் என்பார். எங்கே போனாலும் புது வீடு, புது நோய், புதுப் புதைகுழி. குழந்தைகளைப் பறிகொடுத்த தாய் ஒரு கட்டத்திலே, நீங்கள் விரும்பிய திசையெல்லாம் சென்று போதியுங்கள், நானும் என் பிள்ளைகளும் இனி உங்களோடு அலையமாட்டோம் என்று உறுதியாகச் சொல்லிவிடுகிறார். ஊர் மெச்சும் ஊழியரின் வீட்டுக்குள்ளே, அந்த ஊழியத்துக்கு ஒரு தாய் போட்ட எல்லைக்கோடு அது.

தந்தையைப் பற்றிய நூல் வேறு சுருதியிலே ஒலிப்பது. அப்சலோம் கல்விமான், சீன மொழியை ஆழக் கற்றவர், அஞ்சாதவர். 1900 இல் வெளிநாட்டவருக்கு எதிராகப் பொக்ஸர் கிளர்ச்சி மூண்டபோது மனைவி மக்களைப் பாதுகாப்பாக ஷங்காய்க்கு அனுப்பிவிட்டுத் தாம் பணியிடத்திலேயே நின்றார். புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்திலிருந்து பேச்சுவழக்குச் சீனத்திலே மொழிபெயர்ப்பது அவரது வாழ்நாள் வேள்வி. அவ்வேள்விக்கு நெய் வார்த்தது வீட்டுச் செலவுப் பணம். அச்சுக்கூலி போக எஞ்சியதிலேதான் குடும்பம் நடந்தது. அமெரிக்கக் கடையொன்றின் விலைப்பட்டியலிலே பார்த்துப் பார்த்து ஏங்கிய பொம்மை ஒன்று தமக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை என்பதை மகள் நினைவுகூருகிறார். மொழிபெயர்ப்பு எத்தகையது என்று அறிஞர்கள் மதிப்பிடலாம். அதன் விலையை ஒரு பொம்மையால் அளந்து சொல்லப் பிள்ளையால் மட்டுமே முடியும்.

இந்த வீட்டிலே பேர்ள் வெறும் பார்வையாளராக இருந்தவரல்லர். அவரும் தொண்டு செய்தார். தாயிடம் துயர் சொல்ல வரும் சீனப் பெண்களின் பேச்சைச் சிறுமியாக அருகிலிருந்து கேட்டார். பதினேழு வயதளவிலே ஷங்காயில் படித்தபோது, அடிமைகளாக விற்கப்பட்ட பெண்களுக்கும் விலைமாதராக்கப்பட்ட பெண்களுக்கும் அடைக்கலம் அளித்த ‘நம்பிக்கையின் வாசல்’ என்ற கிறிஸ்தவ இல்லத்துக்குச் சென்று உதவினார். அவர்களது மொழி அவருக்குத் தாய்மொழி போன்றது. ஆகவே அவர்கள் தங்கள் கதைகளை அவரிடம் மனந்திறந்து சொன்னார்கள். 1914 இல் அமெரிக்காவில் பட்டம் பெற்றபின், நோயுற்ற தாயைப் பராமரிக்கச் சீனா திரும்பினார். அங்கு மிஷன் பாடசாலையிலே இளைஞருக்குப் படிப்பித்தார்.

என் கருத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். தந்தை வாழ்நாளெல்லாம் பேசினார்; தாய் கேட்டார். மகள் தாயிடமிருந்து கேட்கக் கற்றார். ‘நல்ல நிலம்’ அந்தச் செவியிலிருந்து பிறந்த நூல்.

1921 இல் தாய் காலமானார். இறுதி நாட்களிலே கணவர் அருகில் வருவதைக்கூட அவர் விரும்பவில்லை என்பதை மகள் மறைக்காமல் எழுதுகிறார். அந்தத் துயரின் சூட்டோடு எழுதப்பட்டதே ‘த எக்ஸைல்’. அச்சுக்குக் கொடுக்காமல் எடுத்து வைத்த அந்தக் கையெழுத்துப்பிரதி, 1927 இல் நான்கிங் நகரிலே வெளிநாட்டவர் வீடுகள் சூறையாடப்பட்டபோதும் தப்பிப் பிழைத்தது.

தாயின் பக்கம் நின்று எழுதிய மகள் அதோடு நிறுத்தியிருந்தால் நாம் ஒரு குற்றப்பத்திரிகையை மட்டுமே பெற்றிருப்போம். ஆனால் மனைவியை இழந்த தந்தை மகளோடு வந்து வாழ்ந்தார். முதுமையிலும் வேலையை விடாத அந்த மனிதரை மகள் அண்மையிலே பார்த்தார். 1931 இல் குலிங் மலைவாசஸ்தலத்திலே அவர் இறந்தபோது யாங்சி பெருவெள்ளத்தால் பேர்ளால் அங்கு போய்ச்சேர முடியவில்லை. ஐந்தாண்டு கழித்து வந்த நூலிலே அவரை வெறுக்கவுமில்லை, வணங்கவுமில்லை, விளங்கிக்கொள்கிறார். சந்தேகமே அறியாத ஒரு தலைமுறையின் வலிமையும் குருட்டுத்தன்மையும் ஒரே மனிதரிலே எப்படிக் குடியிருந்தன என்று காட்டுகிறார்.

இதற்கிடையில் 1932 இல் நியூயோர்க்கிலே சபையார் கூடிய கூட்டமொன்றில், வெளிநாட்டு மிஷன் பணிக்கு நியாயமுண்டா என்று வெளிப்படையாகவே கேட்டார் பேர்ள். தாம் யாருக்குப் போதிக்கிறோமோ அவர்களை மதிக்காத மிஷனரிகளைக் கடுமையாகக் கண்டித்தார். பெரும் சர்ச்சை மூண்டது. 1933 இல் மிஷன் சபையிலிருந்து விலகினார். தொண்டிலிருந்து விலகவில்லை. கலப்பினப் பிள்ளைகளை எவரும் தத்தெடுக்க முன்வராத காலத்திலே, 1949 இல், அவர்களுக்கென ‘வெல்கம் ஹவுஸ்’ என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். தந்தையின் நெருப்பு மகளிடம் அணையவில்லை. அது தாயின் அடுப்புக்கு மாறியது எனலாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இவ்வரலாறு நிறைவுபெறாது. 1920 இல் பிறந்த அவரது மகள் கரோல் மனவளர்ச்சி குன்றியவள். 1929 இல் அவளை அமெரிக்காவிலுள்ள ஒரு பராமரிப்புப் பாடசாலையில் விட்டுவிட்டுத் தாய் சீனாவுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அவளது பராமரிப்புக்கான பணத்தைத் தேடவும் எழுதினார். 1950 இல் அந்தக் கதையையும் மறைக்காமல் நூலாக்கினார். பிள்ளையைப் பிரிந்த பெற்றவரின் வலியை அறிந்த பின்னரே தம் பெற்றோரின் வரலாறுகளை அவர் உலகுக்கு அளித்தார் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் நமக்கு அந்நியமான செய்திகளல்ல. 1824 இல் உடுவிலிலே பெண்களுக்கு விடுதிப்பாடசாலை தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1833 இல் இந்த மண்ணிலேயே மறைந்தார். அவரது கணவர் மைரன் வின்ஸ்லோவின் தமிழ் அகராதி 1862 இல் வெளிவந்தது. தமிழ் படிப்பிக்கும் நாங்கள் அதனைப் புரட்டாத நாள் குறைவு. மிஷனரிமாரின் சமயப் பணியை நாவலர் வழிவந்த நாங்கள் எதிர்த்து வாதிட்டதுண்டு. தமிழ்ப் பணியை நன்றியோடு போற்றியதுமுண்டு. வாதிலும் போற்றுதலிலும் அந்த வீடுகளின் பிள்ளைகளை நாம் நினைத்ததில்லை. பேர்ள் பக்கின் நூல்களைப் படித்தபின் அகராதியின் ஒவ்வொரு பக்கத்துக்குப் பின்னாலும் ஒரு வீடு இருந்தது என்ற எண்ணம் எனக்கு வருகிறது.

அன்பர்களே, தொண்டு செய்யாதிருங்கள் என்று இந்த நூல்கள் சொல்லவில்லை. சைவராயினும் கிறிஸ்தவராயினும், பிள்ளையின் கையைப் பிடித்துத் தொண்டுக்குப் புறப்படும் பெற்றவர் ஒரு விடயத்தை மனத்தில் வைத்திருக்க வேண்டும். முகாமிலே நூறு பிள்ளைகளின் பெயர்களை நினைவில் வைத்திருப்பவர், தம்மோடு வந்த பிள்ளை களைத்திருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கவேண்டும். கோயிலிலே திருவீதி கூட்டப் போகிறவரும் அப்படியே. நாம் செய்த தொண்டின் கணக்கை ஊர் ஒரு விதமாக எழுதும். உடன்வந்த பிள்ளை இன்னொரு விதமாக எழுதும். ஊர் எழுதியது காலத்தில் மறையலாம். பிள்ளை எழுதியது நிலைக்கும்.