புற ஊதாக் கதிரும் நுண்ணுயிரும்: மதுரை மண் தந்த ஒரு பாடம்

(திருவிழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

நீரை வடிகட்டிப் பருகுதல், கதிரவன் மறையுமுன் உண்ணுதல் ஆகிய ஒழுக்கங்களை வழிவழியாகப் போற்றி வருபவர்கள் நாம். கண்ணுக்குப் புலனாகாத உயிர்களையும் எண்ணி நடப்பது நம் மரபு. ஆதலின், அவ்வுயிர்களின் மீது ஒளி என்ன செய்கிறது என்பதை இங்குப் பேசுவது பொருத்தமுடையது எனக் கருதுகிறேன்.

1877ஆம் ஆண்டில் டவுன்ஸ், பிளன்ட் என்னும் ஆங்கில அறிஞர் இருவர், வெயில்பட வைத்த குழாய்களில் நுண்ணுயிர்கள் பெருகாமையைக் கண்டு அறிவித்தனர். அவ்வாற்றல் பெரிதும் ஊதா நிறத்துக்கு அப்பாலுள்ள, நம் கண்ணுக்குத் தெரியாத கதிர்களுக்கு உரியது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அக்கதிர்களை அலைநீளம் கொண்டு ஏ, பி, சி என மூவகையாகப் பகுப்பர். சி வகைக் கதிரை வளிமண்டலம் தடுத்துவிடுகிறது. அது நிலத்தை எட்டுவதில்லை. பாதரச விளக்கினால் 254 நானோமீட்டர் அலைநீளத்தில் அதனை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம்.

அக்கதிர் உயிரணுவுக்குள் செய்வது யாது? ஒவ்வோர் உயிரின் மரபுச் செய்தியும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டுள்ளது. அவற்றுள் ஒன்று தைமின். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தைமின்கள் கதிரை ஏற்கும்போது ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. படியெடுக்கும் நொதி அவ்விடத்தில் தடைப்பட்டு நிற்கிறது. பிணைப்புகள் மிகுந்தால் அந்நுண்ணுயிர் பெருகும் ஆற்றலை இழக்கிறது. பெருக இயலாத கிருமியால் நோய் உண்டாவதில்லை. இதனையே 'செயலிழக்கச் செய்தல்' என்பர். எனினும் சில நுண்ணுயிர்கள் அப்பிணைப்பை அவிழ்க்கும் நொதியையும் பெற்றுள்ளன. நீலஒளி பட்டதும் அந்நொதி பழுது பார்க்கத் தொடங்கும். அதன் செயல்முறையை விளக்கிய அசீஸ் சன்ஜார் 2015ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இன்று நம் இல்லங்களிலுள்ள பல நீர்த்தூய்மிகளில் இவ்விளக்கே எரிகிறது. கலங்கல் நீரில் மண்துகளின் நிழலில் கிருமி ஒதுங்கிக்கொள்ளும். கதிர் அதனைத் தொடாது. ஆகவே முதலில் வடிகட்டல், பிறகே ஒளி. நம் முன்னோர் வேறு நோக்கத்தோடு கைக்கொண்ட வடிதுணி ஒழுக்கம், இங்குப் பொறியியலின் முதற்படியாகவும் அமைகிறது. அன்றியும், இவ்விளக்கு நீரின் உப்பை நீக்காது. குடத்தில் பிடித்து வைத்த பின்னர்ப் புகும் கிருமியையும் தடுக்காது.

இனி நம் மதுரைக்கு வருவோம். இச்சமவெளியில் நெல்லறுக்கும்போதும் தூற்றும்போதும் உமியோ தாளோ கண்ணில் படுவது அன்றாட நிகழ்ச்சி. கருவிழியில் சிறு கீறல் விழும், அதன்வழியே பாக்டீரியாவோ பூஞ்சையோ புகும், புண்ணாகும். மதுரை மாவட்டத்தில் ஆண்டுதோறும் ஓர் இலட்சம் பேரில் ஏறத்தாழ 113 பேருக்குக் கருவிழிப் புண் உண்டாவதாக 1996இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. 1994இன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த 434 நோயாளிகளை ஆராய்ந்ததில், மூவரில் இருவருக்குக் கண்ணில் அடிபட்ட பிறகே புண் தோன்றியிருந்தது. அவர்களுள் பெரும்பாலோர் உழவுத் தொழிலாளர். கிருமி இன்னதெனக் கண்டறியப்பட்ட புண்களுள் ஏறத்தாழப் பாதிக்குப் பூஞ்சையே காரணம்.

பூஞ்சைப் புண் எளிதில் ஆறாது. மருந்து இட்டும் பார்வை இழப்போர் உண்டு. எனவே மருத்துவர்கள் ஒளியின் துணையை நாடினர். கருவிழியில் ரைபோஃபிளேவின் என்னும் பி2 உயிர்ச்சத்துக் கரைசலைச் சொட்டி, ஏ வகைக் கதிரைச் செலுத்தும் முறை ஒன்று உண்டு. கூம்பு வடிவாகும் கருவிழியை உறுதிப்படுத்த அமைந்த அம்முறை, ஆய்வுக்கூடத்தில் கிருமிகளையும் அழித்தது. நோயாளியின் கண்ணிலும் அவ்வாறே அழிக்குமா?

அதனை அறிய அரவிந்த் மருத்துவர்கள் 111 நோயாளிகளைக் கொண்டு ஆய்வு நடத்தினர். ஒரு சாராருக்கு மருந்து மட்டும். மறு சாராருக்கு மருந்தோடு ஒளியும். 2020இல் முடிவு வெளியாயிற்று. ஒளி பெற்றவர்களின் கண்ணில் பூஞ்சை குறைந்துவிடவில்லை. மூன்றாம் மாதத்தில் அவர்களது பார்வை, மற்றவர்களினும் எழுத்துப் பலகையில் சராசரியாக மூன்று வரிகள் பின்தங்கியிருந்தது.

கண்ணாடித் தட்டில் வென்ற ஒளி கண்ணில் தோற்றது ஏன்? ஆழம் செல்லச் செல்ல ஒளி வலுக்குன்றும். பூஞ்சையின் இழைகளோ கருவிழியின் உள்ளடுக்கு வரை ஊடுருவும். ஒளி தீண்டும் இடத்தில் கிருமி மட்டுமின்றிக் கண்ணின் திசுவும் இருக்கிறது. தெளிந்த நீரில் உண்மையானது, புண்பட்ட கண்ணில் உண்மையாகவில்லை. ஒரு பொருளை ஒரு கோணத்தில் நின்று மட்டும் முடிவுகட்டலாகாது எனும் அனேகாந்தக் கோட்பாட்டுக்கு இதனினும் கண்கூடான சான்று வேண்டுமோ? தம் எதிர்பார்ப்புக்கு மாறான முடிவையும் மறையாது உலகறியச் செய்த அம்மருத்துவர்களின் வாய்மை போற்றத்தக்கது. அம்முடிவை அறிந்தபின், பயனற்ற ஓர் ஊறு இனிப் பல கண்களுக்கு நேராது.

நுண்ணுயிரைச் செயலிழக்கச் செய்வதும் ஊறன்றோ என நம்மவர் வினவுவர். ஆம், அதனை மறுப்பதற்கில்லை. இல்லறத்தார் உயிர்காக்கத் தவிர்க்க இயலாதவற்றைச் செய்கின்றனர். தவிர்க்கக்கூடியதைத் தவிர்ப்பதே அவர்தம் கடமை. பயன் இல்லாத இடத்தில் கதிரைப் பாய்ச்சுவது தவிர்க்கக்கூடியதே. கிருமிநீக்கும் விளக்கென்று கடைகளில் விற்பனவற்றைக் கைமீதும் முகத்தின் மீதும் காட்டுவதும் அத்தகையதே. அக்கதிர் நம் தோலையும் விழியையும் எரித்துவிடும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நம்முள் பலருக்கு ஊரில் நிலமுண்டு. வயலில் பாடுபடும் உறவினரும் ஆட்களும் உண்டு. அறுவடைக் காலத்தில் அவர்களுக்குக் காப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். கண்ணில் ஏதேனும் பட்டு உறுத்தினால் தாய்ப்பாலோ, விளக்கெண்ணெயோ, பச்சிலைச் சாறோ இட வேண்டா. மருந்துக்கடையில் தாமாக வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு, பூஞ்சைப் புண்ணை மேலும் வளர்த்துவிடும். அன்றைய தினமே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கூலி போய்விடுமே என்று அவர்கள் தயங்கினால், அந்த ஒருநாள் கூலியை நாமே கொடுப்போம். அபயதானம், ஔடததானம் என நால்வகைத் தானங்களுள் வைத்து நம் ஆன்றோர் சொன்னவை, இங்கு ஒருசேர நிறைவேறும்.