கை ஊன்றாமல் எழ முடிகிறதா?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"உடற்பயிற்சி பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் டாக்டரும் இல்லை, பயில்வானும் இல்லை. பி.காம். படித்துவிட்டு, முப்பத்தைந்து வருடம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து நோட்டு எண்ணியவன். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். அதற்குக் காரணம் என் அம்மா.

அம்மா எழுபத்தெட்டு வயதில் குளியலறையில் விழுந்தார்கள். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாகவே நடந்தது. ஆனால் விழுவதற்கு முன்பே கால்களில் தெம்பு போயிருந்தது. எழுந்து நிற்க இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டும். கடைசி ஏழு மாதமும் கட்டில்தான். "ஒரு தடவை தூக்கி நிறுத்தி விடுங்கடா, அப்புறம் நானே நடந்துக்கிறேன்" என்று தினமும் சொல்வார்கள். அவர்களுக்குச் சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. குறைந்து போனது தசை. அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு கிடா வெட்டுக்குப் போயிருந்தேன். தரையில் பந்தி. நன்றாகச் சாப்பிட்டேன், எழ முடியவில்லை. ஒரு கையில் இலை, இன்னொரு கையைத் தரையில் ஊன்றியும் முட்டி மடங்கவில்லை. தங்கச்சி மகன் வந்து, "மாமா, கையக் குடுங்க" என்று தூக்கிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா ஞாபகம்தான்.

இத்தனைக்கும் தினமும் நாலு கிலோமீட்டர் வாக்கிங் போகிறவன் நான். நடப்பது இதயத்துக்கு மிக நல்லது, அதை விடவே கூடாது. ஆனால் நடை மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் பாருங்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும், அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும் என்று சொல்கிறார்கள். நாம் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டோம், இரண்டாவது பாதியை விட்டுவிட்டோம்.

கணக்குப் படித்தவன் என்பதால் எனக்கு இது தேய்மானமாகத்தான் தோன்றுகிறது. பெரும்பாலான சொத்துகளுக்கு வருடாவருடம் தேய்மானம் எழுத வேண்டும். முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது என்கிறார்கள். அறுபதுக்கு மேல் வேகம் கூடுகிறது. எடை மெஷினில் இது தெரியாது. தசை போன இடத்தில் கொழுப்பு சேர்ந்துவிடும், எடை அதேதான் காட்டும். இந்தத் தசைக் குறைவுக்கு 'சார்கோபீனியா' என்ற பெயரே 1989இல்தான் வந்தது. சாப்பிட்ட சாப்பாட்டிலிருந்து ரத்தத்துக்கு வரும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசைதான். நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. தசையைக் காப்பாற்றுவது அவர்களுக்கும் உதவும்.

"இந்த வயசுக்கு மேல் ஏறுமா சார்?" என்று கேட்பீர்கள். ஏறும். 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மரியா ஃபியட்டரோன் என்ற டாக்டர், முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேருக்குக் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார். வயது 86 முதல் 96 வரை. எட்டே வாரத்தில் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியையே விட்டுவிட்டார்கள். ஆனால் பயிற்சியை நிறுத்திய நாலே வாரத்தில் வலுவில் 32 சதவீதம் போய்விட்டது. மினிமம் பேலன்ஸ் மாதிரி, எடுத்துக்கொண்டே இருந்தால் கணக்கு நிற்காது.

இது நமக்குப் புதிதும் இல்லை. பிள்ளையார் முன்னால் போடும் தோப்புக்கரணம் என்ன? முட்டியை மடக்கி உட்கார்ந்து எழுவதுதான். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை எல்லாம் நம் தாத்தாக்கள் செய்தவை. தென் மாவட்டங்களில் இளவட்டக்கல் தூக்கும் வழக்கம் இன்றும் பொங்கலுக்கு நடக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பெண்களும் தூக்குகிறார்கள். வங்காளத்து மனோகர் ஐச் 4 அடி 11 அங்குல உயரம்தான். வெள்ளைக்காரன் காலத்தில் சிறையில் இருந்தபோது கருவி எதுவும் இல்லாமல் உடம்பை வளர்த்தார். 1952இல் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வென்று, 2016இல் 104 வயதில்தான் காலமானார். நாம் பட்டம் வாங்க வேண்டாம், பாத்ரூமிலிருந்து தானாக எழுந்து வந்தால் போதும்.

முதலில் ஒரு சோதனை. கைப்பிடி இல்லாத நாற்காலியில், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுக்குள் ஆண்கள் 14க்கும், பெண்கள் 12க்கும் கீழே இருந்தால் சராசரிக்குக் குறைவு. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். முதல் நாள் எனக்கு ஒன்பதுதான் வந்தது.

நான் செய்வது ஐந்தே பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. சுவரில் கை வைத்துத் தண்டால் எடுப்பது. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் மாட்டி இழுப்பது. இரண்டு கையிலும் இரண்டிரண்டு கிலோ அரிசிப் பையோடு வராந்தாவில் நடப்பது. நடையைத் தவிர மற்ற ஒவ்வொன்றும் பத்து தடவை, இரண்டு சுற்று. பன்னிரண்டு சுலபமாக வந்தால் எடையைக் கொஞ்சம் கூட்டுவேன். ஒரு நாள் செய்தால் மறுநாள் ஓய்வு. ஒரு வருடம் ஆகிறது. இப்போது பதினைந்து முறை எழுகிறேன். இருபது லிட்டர் தண்ணீர் கேனை வாசலிலிருந்து நானே உள்ளே கொண்டு வருகிறேன்.

"பெண்களுக்கு எதற்கு சார் வெயிட்?" என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேய்வது பெண்களுக்குத்தான். நிறைந்த கேஸ் சிலிண்டர் சுமார் முப்பது கிலோ, அதை நகர்த்துவதும் பெரும்பாலும் அவர்கள்தான். இப்போது வீட்டுக்காரம்மா என்னோடு சேர்ந்து செய்கிறார். நேற்று எண்ணியதில் என்னைவிட ஒன்று அதிகம்.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். 60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 கிராம் புரதம் வேண்டும். காலையில் இட்லி சட்னி, மதியம் ரசம் சாதம் என்றால் அது வராது. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவு. பருப்பு, சுண்டல், மீன், கோழி எதுவானாலும் ஒவ்வொரு வேளையிலும் கொஞ்சம் இருக்கட்டும். திண்டுக்கல்காரர்களிடம் பிரியாணி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அரிசியைக் குறைத்துக் கறியைக் கூட்டிக்கொள்ளுங்கள்! சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

எச்சரிக்கையும் உண்டு. இதய நோய், கட்டுப்படாத பிரஷர், குடலிறக்கம், சர்க்கரையால் கண்ணில் பாதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள். எடையைத் தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், பிரஷர் எகிறும். மறுநாள் தசை வலித்தால் பரவாயில்லை. மூட்டில் சுளீரென்று குத்தினால் நிறுத்துங்கள். நெஞ்சில் வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே டாக்டர்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஜிம் கேட்கவில்லை, செலவும் கேட்கவில்லை. செவ்வாய், வெள்ளி காலை ஆறரை மணிக்கு நமது ஹாலைத் திறந்து, பத்து நாற்காலி போட்டுக் கொடுத்தால் போதும். சாவியை வாங்கித் திறப்பது என் பொறுப்பு. வருகிறவர்களின் எண்ணிக்கையை ஒரு நோட்டில் எழுதி வைப்பேன், அது எனக்குப் பழகிய வேலை.

அம்மாவைத் தூக்கி நிறுத்த எங்களால் முடியவில்லை. நம் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். நம்மைத் தூக்கி நிறுத்த அவர்கள் ஓடி வரும்படி ஆகக் கூடாது. வரும் செவ்வாய்க்கிழமை சந்திப்போம்.