மிஞ்சிய துணியில் ஒரு பெயர்



தையல் இயந்திரம் இருக்கும் வீட்டில் துண்டுத் துணி மூட்டை ஒன்றும் இருக்கும். ரவிக்கைக்கு வெட்டி மிஞ்சியது, பிள்ளைக்குச் சிறியதாகிவிட்ட சட்டை, மறைந்துவிட்ட பாட்டியின் சேலை எல்லாம் அதில்தான் கிடக்கும். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது முதலில் குப்பைக்குப் போவதும் அதுதான். அதை எறியத்தான் வேண்டுமா?

துண்டுகளை இணைத்துத் தைத்தால் அது ஒட்டுத்தையல். அதன் கீழே பஞ்சு விரிப்பும் அடித்துணியும் வைத்து மூன்றையும் சேர்த்துத் தைத்தால் ‘குவில்ட்’ எனப்படும் போர்வை. இதைச் சிக்கனம் என்று மட்டும் எண்ணுகிறவர்கள் சாங்கி சிறையில் நடந்ததைக் கேட்க வேண்டும்.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பெண்களும் குழந்தைகளும் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார்கள். பிடிபட்ட படைவீரர்கள் வேறு முகாமில் இருந்தார்கள். மனைவி உயிரோடு இருக்கிறாளா என்பது கணவனுக்குத் தெரியாது. அப்போது எத்தல் முல்வானி என்ற கனடியப் பெண்மணி ஒரு வழி கண்டார். ஒவ்வொரு பெண்ணுக்கும் 6 அங்குல வெள்ளைத் துணி கொடுக்கப்பட்டது. தன்னைப் பற்றி ஏதாவது தைத்து, பெயரையும் போட வேண்டும். ஒருத்தி பூ தைத்தாள், ஒருத்தி சிறைக்கூடத்தையே தைத்தாள். 66 சதுரங்கள் சேர்ந்து ஒரு போர்வை ஆனது. இப்படி மூன்று போர்வைகள்! பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, ஜப்பானியக் காயம்பட்ட வீரர்களுக்கு ஆளுக்கு ஒன்று. ஜப்பானியருக்கும் ஒன்று தைத்தால் மற்ற இரண்டையும் மருத்துவமனைக்கு அனுப்ப அனுமதி கிடைக்கும் என்பது கணக்கு. அங்கே படுத்திருப்பவருக்குத் தன் மனைவியின் பெயர் கண்ணில் பட்டால் போதாதா? அதற்கு மேல் என்ன கடிதம் வேண்டும்?

ஆஸ்திரேலியப் போர்வையின் பின்புறம் இன்னொரு குறிப்பும் உண்டு. போர் முடிந்ததும் இதை ஆஸ்திரேலியச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் கொடுங்கள், தண்ணீரில் நனைக்காமல் உலர்சலவை செய்வது நல்லது என்று எழுதியிருக்கிறார்கள். சிறைக்குள் இருந்தபோதே போர்வையின் ஆயுளைப் பற்றிக் கவலைப்பட்ட பெண்கள் அவர்கள். அந்தப் போர்வையும் ஜப்பானியருக்கான போர்வையும் இன்று கேன்பராவின் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன.

அவர்கள் கையால் பூத்தையல் போட்டார்கள். இன்று நம் வீட்டில் இயந்திரம் இருக்கிறது. முறை தெரிந்தால் வேலை சுலபம். சாயம் போகும், சுருங்கும் என்பதால் பருத்தித் துணிகளை முதலில் துவைத்து இஸ்திரி போட வேண்டும். 6 அங்குலச் சதுரம் வேண்டுமென்றால் ஆறரை அங்குலம் வெட்ட வேண்டும். நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். அந்தக் கால் அங்குலம் மாறவே கூடாது. ஒவ்வொரு துணியிலும் 1 மில்லிமீட்டர் கூடிப்போனால், பத்துச் சதுரம் கொண்ட வரிசை ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் குறைந்துவிடும். மூலைகள் ஒன்றோடொன்று சேராது. பட்டுச் சேலை வழுக்கும். வெட்டுவதற்கு முன்பே அதன் பின்புறம் இஸ்திரியில் ஒட்டும் மெல்லிய துணியை ஒட்டிவிட வேண்டும். மூன்று அடுக்கையும் நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஊசி குத்தி, அதே திசையில் தைத்தால் சுருக்கம் விழாது.

இவ்வளவும் செய்து முடித்தபின் பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அழகான போர்வை இருக்கும். யார் தைத்தது, யாருடைய சேலை என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆகவே பின்புறத்தில் ஒரு சிறு துண்டு வைத்து, தைத்தவர் பெயரையும் ஆண்டையும் அது யாருடைய துணி என்பதையும் நூலால் எழுதுங்கள்.  சாங்கியில் பெயர் போட்ட பெண்களை எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் உலகம் அறிகிறது. நம் பாட்டியை நம் வீடாவது அறியட்டும்.