கூடு திரும்பும் புறா

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)

இவ்விழாவில் எப்பொருள் பற்றிப் பேசப் போகின்றீர் என்று நம் செயலாளர் என்னை வினவியபோது, புறாப் பந்தயம் பற்றி என்றேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. குறளும் சிலம்பும் கம்பனும் முழங்கிய மேடையில் புறாவுக்கு என்ன வேலை என்று அவர் எண்ணியிருக்கலாம். அவர் ஐயம் நியாயமானதே. ஆயினும், அடைக்கலம் புகுந்த புறாவின் பொருட்டுத் தன்னுடலையே துலையில் இட்ட மன்னனைச் சோழர் குலத்து முன்னோன் என்று புறநானூற்றுப் புலவர்கள் போற்றியிருக்கின்றனர். ஆகவே புறா தமிழுக்கு அயலான பறவை அன்று. நம் குடியிருப்பின் மொட்டை மாடிகளுக்கும் அயலானதன்று. அந்தத் துணிவிலேதான் உங்கள் முன் நிற்கின்றேன்.

பெங்களூரிலும் சென்னையிலும் புறா வளர்ப்போர் இரு வகையினர். வானிலே குட்டிக்கரணம் அடிக்கும் கர்ணப் புறாவை வளர்த்து அதன் விளையாட்டைக் கண்டு மகிழ்வோர் ஒரு சாரார். 'ஹோமர்' என்று வழங்கும் புறாவை வளர்த்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் விட்டு, அது வீடு திரும்புவதற்குக் காத்திருப்போர் மற்றொரு சாரார். யான் பேசப் புகுவது இந்த இரண்டாவது கூட்டத்தாரைப் பற்றியே.

பந்தயத்தின் முறை எளிது. குஞ்சு பிறந்து ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும்போது அதன் காலில் மூட்டில்லாத வளையம் ஒன்றை மாட்டுவர். அதில் பிறந்த ஆண்டும் எண்ணும் பொறித்திருக்கும். கால் பருத்த பின்னர் அவ்வளையத்தைக் கழற்ற இயலாது. அதுவே அப்பறவையின் பிறப்புச் சான்று. பறக்கக் கற்றதும் ஐந்து கிலோமீட்டர், பத்து, இருபது, ஐம்பது என்று படிப்படியாகத் தொலைவைக் கூட்டிப் பழக்குவர். பந்தயத்திற்கென்று புறாக்களைக் கூடைகளில் ஏற்றிக்கொண்டு போய், குறித்த ஊரில், விடியற்காலையில், எல்லாவற்றையும் ஒருங்கே திறந்து விடுவர். அவை மேலெழும்பி, ஓரிரு வட்டமிட்டு, தெற்கு நோக்கித் திரும்பிவிடும்.

பெங்களூரிலிருந்து நேர்க்கோட்டில் ஹைதராபாத் ஏறத்தாழ 500 கிலோமீட்டர், நாகபுரி 920, போபால் 1,140. காற்றும் வெயிலும் துணை நின்றால் நல்ல புறா மணிக்கு 70 கிலோமீட்டர் பறக்கும். காலை ஆறு மணிக்கு ஹைதராபாத்தில் எழுந்த பறவை பிற்பகல் ஒன்றரை மணிக்குள் பெங்களூரில் தன் கூண்டின் வாயிலில் இறங்கிவிடலாம். அதனினும் தொலைவாயின் இடையில் இருட்டிவிடும். பெரும்பாலான புறாக்கள் இரவில் பறப்பதில்லை. எங்கோ ஒரு மரத்திலோ கட்டடத்திலோ தங்கி, மறுநாள் பயணத்தைத் தொடரும்.

முதலில் வந்த புறாவே வென்ற புறா என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவர் வீடு எலஹங்காவில் இருக்கும். மற்றவர் வீடு ஜெயநகரில் இருக்கும். வடக்கிலிருந்து வரும் புறாவுக்கு இவ்விரண்டிற்கும் இடையே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் வேறுபாடு. அஃதாவது கால் மணி நேரத்திற்கு மேற்பட்ட பறப்பு. ஆதலின் ஒவ்வொரு கூண்டுக்கும் உள்ள தொலைவைத் தனித்தனியே அளந்து, அதனைப் பறந்த நேரத்தால் வகுத்து, நிமிடத்திற்கு எத்தனை மீட்டர் என்று கணக்கிடுவர். முற்காலத்தில், பறவை இறங்கியதும் அதன் காலில் உள்ள ரப்பர் வளையத்தைக் கழற்றி, பூட்டி முத்திரையிட்ட கடிகாரப் பெட்டியில் இடுவர். இக்காலத்தில் மின்னணு வளையம் வந்துவிட்டது. புறா வாயிற்பலகையை மிதித்த நொடியே நேரம் பதிவாகிவிடும்.

அன்பர்களே, மற்ற பந்தயங்களில் ஓட்டத்தைக் கண்ணாரக் காணலாம். குதிரை ஓடுவதைக் காண்கின்றோம். காளை பாய்வதைக் காண்கின்றோம். புறாப் பந்தயத்தில் ஓட்டத்தைக் கண்டவர் ஒருவரும் இலர். அவரவர் மாடியில் அவரவர் நின்று, வடக்கு வானத்தை நோக்கிக் கொண்டிருப்பர். காண்பது வெறும் வானமே. திடீரென்று ஒரு புள்ளி தோன்றும். அது பருந்தோ, காக்கையோ, நம்முடையதோ என்று நெஞ்சம் துடிக்கும். இறகை மடித்து அது நம் மாடியை நோக்கிச் சரியும் அந்த ஒரு கணத்திற்காகவே ஆண்டு முழுவதும் கம்பும் சோளமும் பட்டாணியும் கொட்டி, கூண்டைக் கழுவிக் கொண்டிருக்கின்றனர். எத்தனையோ புதிய பொழுதுபோக்குகள் வந்த பின்னும் இவ்விளையாட்டு மங்காதிருப்பதற்கு முதற் காரணம் இதுவே. கட்டிப் போடாத ஓர் உயிர், வானம் முழுவதும் தனக்குத் திறந்திருந்தும், நம் வீட்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வருகின்றது!

இந்த ஆற்றலை மனிதன் தன் தேவைக்கும் பயன்படுத்தினான். 1850இல் ஆகன் நகருக்கும் பிரஸ்ஸல்ஸ் நகருக்கும் இடையே தந்திக் கம்பி இல்லாதிருந்த குறையை ராய்ட்டர் புறாக்களைக் கொண்டு நிரப்பினார். 1870-71இல் பாரிஸ் நகரம் முற்றுகையில் சிக்கியபோது கடிதங்கள் புறாவின் மீதே உள்ளே சென்றன. நம் நாட்டில் ஒரிசாக் காவல்துறை 1946இல் இராணுவத்தினரிடம் புறாக்களைப் பெற்று, கோராபுட் மலைப்பகுதியில் அஞ்சற் பணியைத் தொடங்கிற்று. 1948 ஏப்ரலில் பிரதமர் நேரு சம்பல்பூரிலிருந்து கட்டாக்கிற்கு அனுப்பிய செய்தியைப் புறாவே கொண்டு சேர்த்தது. 1982ஆம் ஆண்டு வெள்ளத்திலும், 1999ஆம் ஆண்டுப் பெரும்புயலிலும் மற்றத் தொடர்புகள் அறுந்தபோது அப்புறாக்கள் உதவின. இப்பொழுது அஞ்சற் பணி நின்றுவிட்டது. புறாக்கள் மட்டும் மரபின் அடையாளமாகப் பேணப்படுகின்றன.

புறா வழியறிவது எங்ஙனம்? அறிஞர்கள் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்கின்றனர். கதிரவனைத் திசைகாட்டியாகக் கொள்கின்றது என்றனர். மேகம் மூடிய நாளில் முதுகில் காந்தம் கட்டிய புறாக்கள் தடுமாறியதை அமெரிக்காவில் கீட்டன் என்பார் 1971இல் எடுத்துக் காட்டினார். இத்தாலியில் பாப்பி என்பார், காற்றுக் கொணரும் மணத்தைக் கொண்டும் அது வழியறிகின்றது என்றார். நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டே பறக்கும் புறாக்களும் உண்டு. முடிவான விடை இன்னும் கிட்டவில்லை. ஆனால் ஒன்று உறுதி. திரும்பும் திறம் அதன் இரத்தத்தில் இருக்கின்றது. திரும்ப வேண்டிய இடம் இரத்தத்தில் இல்லை. அதனை அது வளர்ந்த கூண்டிலேதான் கற்றுக் கொள்கின்றது.

இவ்வுண்மையை யான் நூல் படித்து அறிந்தேனல்லேன். ஒரு புறாவை இழந்து அறிந்தேன்.

1974ஆம் ஆண்டு. எனக்குப் பன்னிரண்டு வயது. என் தந்தையார் இவ்வூர்த் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றி வந்தார். எங்கள் வீட்டுக்கு மூன்றாம் வீட்டு மாடியில் ஒரு பெரியவர் புறா வளர்த்தார். உருதும் கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். நாங்கள் அவரைப் 'பாய்' என்றே அழைப்போம். அவரைப் பார்த்து எனக்கும் ஆசை பிறந்தது. சென்னை பெரம்பூரில் இருந்த என் மாமாவின் நண்பரிடம் நீலப்பட்டைச் சேவற்புறா ஒன்றை விலைக்கு வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டு வந்தேன். ஆறு திங்கள் கூண்டில் அடைத்து, என் கையாலேயே தீனியிட்டேன். கையில் வந்து அமரும் அளவுக்குப் பழகிவிட்டது. இனி இது நம்முடையது என்று எண்ணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் திறந்தேன்.

அது மேலே எழும்பிற்று. இரண்டு முறை வட்டமிட்டது. பின்னர்க் கிழக்கு நோக்கிச் சென்றது, சென்றதுதான். மாலை வரை மாடியிலே நின்றேன். நான்காம் நாள் பெரம்பூரிலிருந்து அஞ்சலட்டை வந்தது: புறா ஞாயிறு பிற்பகலே தம் மாடிக்கு வந்துவிட்டது, வந்து பெற்றுக் கொள்ளவும் என்று.

அழுதுகொண்டே பாயிடம் ஓடினேன். அவர் சிரித்தார். "தம்பி, உன் தீனியைத் தின்றதாலே அது உன் புறா ஆயிடாது. அதை எத்தனை வருசம் வச்சிருந்தாலும் அது மெட்ராஸ் புறாதான். ஜோடி போட்டு உள்ளேயே வை. அதுக்கு இங்கே பொறக்குற குஞ்சு இருக்கே, அதுதான் உன் புறா" என்றார்.

அவ்வாறே செய்தோம். அவர் தந்த பெட்டையோடு இணை சேர்த்தோம். இரண்டு முட்டை, பதினெட்டாம் நாள் இரண்டு குஞ்சு. தந்தையும் தாயும் மாறி மாறித் தம் தொண்டையில் சுரக்கும் பாலை ஊட்டின. அக்குஞ்சுகள் எங்கள் குடியிருப்பின் வானத்தில் பறக்கக் கற்றன. எங்கள் மாடிக்கே திரும்பின. மறு ஆண்டு அவற்றுள் ஒன்றைப் பாயின் உறவினர் ஹைதராபாத்துக்குக் கொண்டு சென்று விட்டார். அது அன்றைக்கு வரவில்லை. மறுநாள் காலையில் பல் துலக்கிக் கொண்டிருந்தபோது மாடியில் இறகடிக்கும் ஓசை கேட்டது. எப்பரிசும் பெறாத புறாதான். ஆயினும் அந்த ஓசையை இன்றும் யான் மறந்தேனல்லேன்.

புறாக்காரர் அனைவரும் அறிந்த நெறி இது. 2020ஆம் ஆண்டில் 'நியூ கிம்' என்ற பெல்ஜியப் பெட்டைப் புறா ஏலத்தில் 16 லட்சம் யூரோவுக்கு விலை போயிற்று. வாங்கியவர் சீன நாட்டவர். அத்துணைப் பெருஞ்செல்வம் கொடுத்தவரும் அதனைத் தம் மாடியிலிருந்து பறக்கவிடத் துணிவதில்லை. குஞ்சு பொரிப்பதற்கே அது. புறாவை விலைக்கு வாங்கலாம். அதன் வீட்டை வாங்க முடியாது.

இவ்விளையாட்டின் குறைகளையும் மறைத்தல் முறையன்று. போன புறாக்கள் எல்லாம் திரும்புவதில்லை. வல்லூறு கொண்டு போவது சில; மின்கம்பியில் அடிபடுவன சில; களைத்து வழி தவறுவன சில. தொலைவு கூடக் கூட இழப்பும் கூடும். பரிசுக் கோப்பை ஒன்றுக்காக இளம்பறவையை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் விடுவதும், இதனைச் சூதாக்கிப் பணம் கட்டுவதும் எனக்கு உடன்பாடல்ல. பாய் தம் முதுமையில் ஹைதராபாத்துக்கு அப்பால் எந்தப் புறாவையும் அனுப்பவில்லை. "அது நம்மை நம்பித்தானே வருது" என்பார்.

அன்பர்களே, இதனை ஏன் தமிழ்ச் சங்க மேடையில் சொல்கின்றேன்? என் தந்தையார் 1988இல் ஓய்வு பெற்றார். மறு திங்களே திருப்பத்தூர்ப் பக்கத்திலுள்ள தம் ஊருக்குச் சென்றுவிட்டார். முப்பது ஆண்டு இவ்வூர் நீர் பருகியும் அவர் உள்ளம் ஒரு நாளும் இங்குக் கூடு கட்டவில்லை. யான் இங்கேயே தங்கினேன். சென்ற ஆண்டு என் ஏழு வயதுப் பேத்தி, "தாத்தா, நம்ம ஊர் எது?" என்று கேட்டாள். திருப்பத்தூர் என்றேன். "அது உங்க ஊர் தாத்தா. என் ஊர் பெங்களூரு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது, கடிந்துகொள்ளவும் வாயெடுத்தேன். அப்பொழுது பாய் சொன்ன சொல் நினைவுக்கு வந்தது, வாய் மூடினேன். குழந்தை சொன்னதில் பிழை என்ன? அவள் பறக்கக் கற்ற வானம் இது.

நம்மிற் பலர் நம் பிள்ளைகளைக் காணாத ஊருக்காக ஏங்கச் சொல்கின்றோம். அவர்கள் ஏங்காதபோது, தமிழ் போயிற்றே என்று வருந்துகின்றோம். ஊர் வேறு, மொழி வேறு என்பதை நாம் பிரித்தறிதல் வேண்டும். இடத்தைப் பிள்ளைகள் தாமே கற்றுக்கொள்வர். அது பெங்களூரு என்றால் அவ்வாறே ஆகுக. அவர்கள் கன்னடத்தை நன்கு கற்று இம்மண்ணின் மக்களோடு ஒன்றி வாழட்டும். ஆனால் மொழி புறாவின் திறத்தைப் போல் இரத்தத்தில் வருவதில்லை. அதனை நாள்தோறும் ஊட்ட வேண்டும். தாய்ப்புறாவும் தந்தைப்புறாவும் மாறி மாறி ஊட்டியது போல் ஊட்ட வேண்டும்.

அதற்கு வழியும் பாயிடமே கண்டேன். அவர் ஒரு நாளும் புறாவை விரட்டிக் கூண்டில் அடைத்தாரல்லர். நாள் தவறாமல் ஒரே நேரத்தில் தகர டப்பாவில் தானியத்தைக் குலுக்கிச் சீழ்க்கை அடிப்பார். வானில் எங்கிருந்தாலும் அவை இறங்கி வரும். நம் வீட்டிலும் நாள்தோறும் அரை மணி நேரம் தமிழில் ஒரு கதை, ஒரு பாட்டு, உணவு வேளையில் தமிழிற் பேச்சு என்று ஒழுங்காக நடக்குமாயின், அவ்வொலிக்குப் பிள்ளைகள் திரும்பி வருவர். அச்சுறுத்தி அடைத்த புறா, கதவு திறந்த அன்றே போய்விடும். அதற்கு யானே சான்று.

ஞாயிறு தோறும் நம் சங்கத்தில் நடைபெறும் தமிழ் வகுப்பிற்கு உங்கள் குழந்தைகளை அனுப்புங்கள். நீங்களும் உடன் வந்து அமருங்கள் என்று கேட்டுக்கொண்டு, என் உரையை முடிக்கின்றேன்.