பதினேழாம் மாடிக் குடும்பம்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு தொலைக்காட்சி நாடகம் என்று அறிந்தவுடனே, சங்க மண்டபத்தில் இதற்கென்ன வேலையென்று சிலர் முகஞ்சுளித்திருக்கலாம். அவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டுகின்றோம். ஒரு சமூகத்தாரைக் கண்டு பிறர் நகைப்பதற்கும், அச்சமூகத்தார் தம்மைத் தாமே கண்டு நகைப்பதற்கும் பெரியதொரு பேதமுண்டு. அப்பேதத்தின் பொருட்டு ஒரு நடிகையும் ஒரு நடிகரும் தம் ஜீவனத்தையே பணயமாக வைத்துப் போராடிய வரலாறே நாம் இன்று சொல்லப் புகுவது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1974-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 8-ந் தேதி 'குட் டைம்ஸ்', அதாவது 'நல்ல காலம்' என்னும் ஹாஸ்யத் தொடர் ஸி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஆரம்பமாயிற்று. பெயர்தான் நல்ல காலம். குடுகுடுப்பைக்காரன் வாக்கைப்போல அது வரும் வருமென்று சொல்லப்பட்டதேயன்றி வந்தபாடில்லை. எவன்ஸ் என்னும் கறுப்பினக் குடும்பத்தார் ஐவர் சிகாகோ நகரத்தில் ஏழைகளுக்கென அரசாங்கத்தார் கட்டிய அடுக்குமாடிக் கட்டடத்தில் பதினேழாம் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கின்றனர். தகப்பன் ஜேம்ஸ், தாய் புளோரிடா, மூத்த மைந்தன் ஜே.ஜே., மகள் தெல்மா, கடைக்குட்டி மைக்கேல். மின்தூக்கியோ ஓடும் நாளினும் ஓடாத நாளே அதிகம். கட்டடத்தின் பெயர் நாடகத்தில் சொல்லப்படவில்லையாயினும், தொடக்கத்தில் காட்டப்படுவது கப்ரீனி-கிரீன் என்னும் மெய்யான குடியிருப்பேயாம். தொடரைக் கற்பித்த இருவருள் ஒருவரான எரிக் மான்டி என்பார் அவ்விடத்திலேயே வளர்ந்தவர். மற்றவர் மைக் எவன்ஸ் என்னும் நடிகர். தயாரித்தளித்தவர் நார்மன் லியர்.

புளோரிடா என்னும் பாத்திரம் இதற்கு முன்னரே 'மாட்' என்னும் வேறொரு தொடரில் வெள்ளையர் வீடொன்றில் பணிப்பெண்ணாகத் தோன்றியது. அவ்வேஷம் தரித்த எஸ்தர் ரோல் அம்மையாரை ஜனங்கள் மிகவும் விரும்பினமையால், அவருக்கென்றே தனித்தொடர் அமைக்கத் தீர்மானித்தனர். ஆனால் அவர்கள் கொண்டுவந்த கதையில் தாயும் மூன்று பிள்ளைகளும் இருந்தனரேயன்றிக் கணவன் இல்லை. அம்மையார், புருஷனில்லாத வீட்டில் தாம் நடிக்க மாட்டோமென்று மறுத்துவிட்டார். கைக்கெட்டிய கதாநாயகி ஸ்தானத்தை ஒரு நிபந்தனையின் பொருட்டு இழக்கத் துணிதல் நடிகையர்க்கு எளிதன்று. அதுவும் கறுப்பின நடிகையருக்குப் பணிப்பெண் வேஷமன்றி வேறு கிடைப்பது அரிதாயிருந்த காலம் அது.

அவர் அங்ஙனம் பிடிவாதம் செய்ததற்குக் காரணம் அறிய வேண்டுமாயின் அந்நாட்டு நடைமுறை ஒன்றை அறிதல் வேண்டும். ஏழைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுத்துவந்த உதவித்தொகை, வீட்டில் திடகாத்திரமான ஆண்மகன் ஒருவன் இருப்பின் நிறுத்தப்படும் என்று பல மாகாணங்களில் விதியிருந்தது. அதிகாரிகள் நள்ளிரவில் வந்து கட்டிலுக்கடியிலும் தேடுவதுண்டு. வேலையற்ற தகப்பன் வீட்டிலிருந்தால் குழந்தைகளுக்குச் சோறில்லை, வெளியேறினால் சோறுண்டு. அலபாமா மாகாணத்தார் அமலில் வைத்திருந்த இத்தகைய விதியொன்றை 1968-ல் சுப்ரீம் கோர்ட்டார் செல்லாதென்று தள்ளினர். தகப்பனை வாசலுக்கு வெளியே துரத்திவிட்டுப் பிறகு, 'இவர்கள் குடும்பங்களில் தகப்பன் இல்லையே' என்று அறிக்கை எழுதுவோரும் இருந்தனர். இதனாலேயே வீட்டில் ஒரு கணவன் நாற்காலியிட்டு உட்கார்ந்திருப்பதைக் காட்டுவது அம்மையாருக்கு மானப்பிரச்சினையாயிற்று. தாயும் தகப்பனும் ஒருங்கே வாழும் கறுப்பினக் குடும்பத்தை நடுவாக வைத்த முதல் தொலைக்காட்சி ஹாஸ்யத் தொடர் இதுவே என்பர்.

ஜான் ஏமஸ் என்பார் தகப்பனாக அமர்த்தப்பட்டார். முதன்முதல் ஒளிபரப்பான கதையை நாம் கண்டபோது சிரிப்பினூடே நெஞ்சு கனத்தது. ஜேம்ஸ் ஒரு தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கின்றான். அது கிடைப்பின் நிரந்தரமான கூலி கிடைக்கும். இறுதியில் தெரிவது என்னவெனில், அப்பயிற்சிக்கு உச்ச வயது 35, அவனுக்கோ 41. அவன் சோம்பேறியுமல்லன், குடிகாரனுமல்லன். ஆறு வருஷம் முன்னதாகப் பிறந்துவிட்டான், அவ்வளவே! மற்றொரு கதையில் வாடகை பாக்கிக்காக வீட்டைக் காலிசெய்ய உத்தரவு வருகின்றது. புளோரிடாவோ சூதாட்டப் பணம் கூடாதென்பவள். ஜேம்ஸ் பில்லியர்ட்ஸ் கோலைத் தூக்கிக்கொண்டு பந்தயமாடப் போகின்றான். இன்னொன்றில் சிறுவன் மைக்கேல், ஜார்ஜ் வாஷிங்டன் அடிமைகளை வைத்திருந்தவரென்று பள்ளியில் சொல்லித் தண்டனை பெறுகின்றான். 1975 மே மாதத்தில் அந்நாட்டில் வேலையின்மை நூற்றுக்கு 9 ஆக உயர்ந்ததென்பதையும், கறுப்பின மக்களிடையே அது அதனினும் மிகுதியென்பதையும் நினைவிற்கொண்டால், அவ்வீட்டுச் சமையலறைப் பேச்சு வேடிக்கையாக மாத்திரம் எழுதப்பட்டதன்றென்பது விளங்கும்.

நிற்க. தொடர் இரண்டாம் ஆண்டிலேயே நாட்டில் அதிகமானோர் காணும் பத்துத் தொடர்களுள் ஒன்றாயிற்று. அங்கேதான் வினையும் பிறந்தது. மூத்த மைந்தன் ஜே.ஜே. வேஷத்தில் ஜிம்மி வாக்கர் என்னும் ஒல்லியான விகடக்காரர் நடித்தார். (தகப்பனாக நடித்தவருக்கும் இவருக்கும் மெய்யான வயது வித்தியாசம் எட்டாண்டுகள்கூட இல்லை.) 'டைனமைட்' என்னும் ஒரு சொல்லை அவர் நீட்டி முழக்கிச் சொல்லக் கூடியிருந்த ஜனங்கள் ஆர்ப்பரித்தனர். ஜான் ரிச் என்னும் டைரக்டர் அதை வாரந்தோறும் சொல்லவேண்டுமென்றார். வரவரக் கதையில் ஜேம்ஸின் வேலையும் மைக்கேலின் கேள்விகளும் பின்னடைய, ஜே.ஜே.யின் தொப்பியும் கோணல் நடையும் முன்னே வந்தன. அவன் நல்ல சித்திரக்காரன் என்று கதை சொல்லிற்று. எர்னி பார்ன்ஸ் என்னும் மெய்யான ஓவியர் தீட்டிய படங்களே அவன் கைவண்ணமாகக் காட்டப்பட்டன. ஆயினும் சபையோர் கைதட்டியது சித்திரத்திற்கன்று.

வாக்கரை நாம் குற்றஞ்சொல்ல உடன்படோம். சிரிக்கவைப்பதே தம் தொழிலென்று வந்தவர் அதைச் செவ்வனே செய்தார். எஸ்தர் ரோல் அம்மையாரும் 1975-ல் 'எபனி' பத்திரிகையில் தம் மனக்குறையை வெளியிட்டபோது, பதினெட்டு வயதாகியும் வேலையும் படிப்பும் இல்லாத பாத்திரமாக ஜே.ஜே.யை வார்ப்பதையே கண்டித்தார். ஜான் ஏமஸ் இன்னும் கடுமையாகப் பேசினார். மற்ற இரு பிள்ளைகளும் வக்கீலாகவும் வைத்தியராகவும் வர ஆசைப்படுகின்றனரே, அவர்களுக்கு ஏன் கதையில்லை என்பது அவர் வாதம். எழுதுவோரிற் பலர் கறுப்பினக் குடும்பத்துள் ஒருநாளும் புழங்கியறியாதவர் என்றும் சொன்னார். பிற்காலத்தில், தாம் அதைப் பக்குவமாக எடுத்துரைக்கவில்லையென்று அவரே ஒப்புக்கொண்டதுண்டு. பக்குவமாகச் சொல்லியிருந்தால் மாத்திரம் கேட்டிருப்பார்களா என்பதில் நமக்கு ஐயமே.

1976-ல் மூன்றாம் பருவம் முடிந்தபின் ஏமஸ் வேலையினின்று நீக்கப்பட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் தொடர் மீண்டும் தொடங்கியபோது, ஜேம்ஸ் மிஸிஸிப்பி மாகாணத்தில் மோட்டார்ப் பட்டறை ஒன்றில் பங்காளியாகியிருக்கின்றான். அவனிடம் போய்ச் சேரக் குடும்பத்தார் மூட்டை கட்டுகின்றனர். ஒரு தந்தி வருகின்றது: மோட்டார் விபத்தில் ஜேம்ஸ் இறந்துபோனான். ஆக, பதினேழாம் மாடியில் தகப்பன் இருக்கவேண்டுமென்று போராடிப் பெற்ற அம்மையார் கண்முன்னே, அத்தகப்பன் எழுத்தாளர் பேனா முனையில் மாண்டான்.

அடுத்த வாரக் காட்சியைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஈமச்சடங்கு முடிந்து வந்த விருந்தினரைப் புளோரிடா புன்முறுவலோடு உபசரிக்கின்றாள். ஒரு துளிக் கண்ணீரில்லை. தாய்க்கு என்னவாயிற்றென்று பிள்ளைகள் திகைக்கின்றனர். எல்லோரும் போனபிறகு, பாத்திரங்களை ஒழுங்கு செய்பவள் கையிலிருந்த கண்ணாடிக் கிண்ணத்தைத் தரையில் மோதி உடைக்கின்றாள். ஒரே வசைச்சொல்லை மூன்று முறை சொல்லிக் கதறுகின்றாள். நடிகை அழுதது எந்த இழப்பை எண்ணியோ, நாம் அறியோம். இருவித இழப்பும் அவருக்கு இருந்தன.

பிறகு நடந்தவற்றைச் சுருங்கச் சொல்வோம். 1977-ல் அம்மையாரும் விலகிவிட, பெற்றோர் இருவருமில்லாத வீடாயிற்று. அடுத்த வீட்டு வில்லோனாவின் தயவில் பிள்ளைகள் வளர்வதாகக் கதை ஓடிற்று. பார்ப்போர் தொகை குறைந்தது. தம் கோரிக்கைகளில் சிலவற்றுக்கு இணங்கியபின் 1978-ல் அவர் திரும்பினார். 1979 ஆகஸ்டு 1-ந் தேதி, 133-ஆம் பகுதியோடு தொடர் முடிந்தது. கடைசிக் கதையில் ஜே.ஜே.யின் சித்திரக் கதையை ஒரு கம்பெனியார் விலைக்கு வாங்குகின்றனர். மைக்கேல் கல்லூரி விடுதிக்குப் போகின்றான். தெல்மாவின் புருஷனுக்குப் பந்தாட்ட உத்தியோகம் கிடைத்து அவர்கள் புளோரிடாவையும் அழைத்துக்கொண்டு புதுமனை புகுகின்றனர். நல்ல காலம் ஒரே இரவில் எல்லோருக்கும் வந்துவிட்டது! நமக்கு இது ஒப்பவில்லை. மூன்று பருவம் வாடகைக்குத் திண்டாடிய ஜேம்ஸுக்கு அதில் ஓர் அணாவும் பங்கில்லை.

எஸ்தர் ரோல் அம்மையார் 1998-லும், ஜான் ஏமஸ் 2024-லும் காலமாயினர். கப்ரீனி-கிரீன் குடியிருப்பின் உயர்ந்த கட்டடங்களில் கடைசியானது 2011-ல் இடிக்கப்பட்டது. முதல் மூன்று பருவங்களைக் கண்ணுற்றுவிட்டு அன்பர்கள் நம்மோடு வாதிட வந்தால் மகிழ்வோம்.