பேயோட்டுவதா? காயம் ஆற்றுவதா?

(சானமாவில் நடந்த கூட்டத்தில் பேசியது)



இக்கூட்டத்தை வெளிச்சமிருக்கும்போதே முடித்துவிட வேண்டுமென்று இவ்வூர்த் தோழர்கள் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். காரணம் உங்களுக்கே தெரியும். கேழ்வரகு விளைகிற காலம் வந்துவிட்டால் பன்னேர்கட்டாக் காட்டுப் பக்கமிருந்து தேன்கனிக்கோட்டை வழியாக யானைக் கூட்டம் சானமாவுக் காட்டுக்கு வந்துவிடுகிறது. பிறகு இராயக்கோட்டை ரோட்டில் இருட்டில் நடப்பவன் உயிர் அவன் கையில் இல்லை. ஆகவே நாமும் வளர்த்தாமல் நேரே விஷயத்திற்கு வருகிறோம்.

யானை மிதித்து ஒருவன் செத்துப்போனால் அவன் மனைவிக்குச் சர்க்கார் நஷ்டஈடு கொடுக்கிறது. கொடுக்கட்டும், போதாதென்றால் இன்னும் கேட்போம். ஆனால் ஆறு மாதம் கழிந்தும் அந்த அம்மாள் இராத்திரியில் தூங்குவதில்லை. கதவு தட்டினால் அலறுகிறாள். அடுப்பில் கலம் உருண்டால் உடம்பு நடுங்குகிறது. புருஷன் விழுந்து கிடந்த வயல் பக்கம் போகவே மாட்டேனென்கிறாள். போகாமலே அந்தக் காட்சி கண் முன் வந்து நிற்கிறது. இதற்கு யார் என்ன கொடுக்கிறார்கள்? ஊரார் கொடுப்பது ஒன்றே ஒன்று. "செத்தவன் ஆவி பிடித்துக்கொண்டது, மந்திரிக்க வேண்டும்" என்று ஒரு சொல். உடனே கோழி, எலுமிச்சை, கயிறு, வேப்பிலை. நஷ்டஈட்டில் ஒரு பங்கு பூசாரிக்குப் போகிறது. அம்மாளுக்குத் தூக்கம் மட்டும் வரவில்லை. இன்னும் சிலர், "போன ஜன்மத்துப் பாவம், தலைவிதி" என்று சொல்லி, அடிபட்டவளையே குற்றவாளியாக்கி விடுகிறார்கள். இதைவிடக் கொடுமை வேறு உண்டா என்று கேட்கிறோம்.

ஆண்பிள்ளைகள் சங்கதி வேறு. அவர்கள் அலறுவதில்லை. சாராயக் கடைக்குப் போகிறார்கள். 2023ஆம் வருஷம் ஜூலையில் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்தது. அதே வருஷம் அக்டோபரில், ஓசூருக்கு அடுத்த எல்லையில் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை தீப்பிடித்து, பிழைக்க வந்த தமிழ்நாட்டு வாலிபர்கள் பலர் மாண்டார்கள். செத்தவர்களைப் பத்திரிகைகள் எண்ணின. பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு உயிரோடு வீடு திரும்பியவர்களை எண்ணியவர் யார்? யந்திரத்தில் தோழன் கை போனதைக் கண்டவன் மறுநாளும் அதே யந்திரத்தின் முன் நிற்கவேண்டியிருக்கிறது. "ஆண்பிள்ளை அழலாமா?" என்ற ஒரு வார்த்தையால் அவன் வாயை அடைத்துவிடுகிறோம். பிறகு அவன் குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறான் என்று பஞ்சாயத்துக் கூட்டுகிறோம்.

தோழர்களே! இது பேயுமல்ல, விதியுமல்ல, கோழைத்தனமுமல்ல. இது காயம். கண்ணுக்குத் தெரியாததால் காயமல்லவென்று ஆகிவிடாது. பெரிய ஆபத்தில் சிக்கிய உடம்பு, ஆபத்து போன பிறகும் காவல் எடுக்க மறுக்கிறது. யானை போய்விட்டது, பரண்மேல் தகரம் தட்டுகிறவன் மட்டும் தட்டிக்கொண்டே இருக்கிறான். அவ்வளவுதான் சங்கதி.

வெள்ளைக்காரனும் இதைச் சுலபமாகக் கற்றுக்கொள்ளவில்லை. முதல் மகாயுத்தத்தில் குண்டுச் சத்தத்தில் பேச்சிழந்து, கைகால் நடுங்கி நின்ற சிப்பாய்களில் பலரைக் கோழைகளென்றான். ஓடிப்போனார்கள், கோழைத்தனம் செய்தார்கள் என்பது போன்ற குற்றங்களுக்காக பிரிட்டிஷ் பட்டாளத்தில் 306 பேரைத் தன் கையாலேயே சுட்டுக் கொன்றான். அவர்களில் சித்தம் கலங்கியவர்களும் இருந்தார்கள். 2006இல்தான் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கினான்; தொண்ணூறு வருஷம் கழித்து! அந்த யுத்த காலத்திலேயே ஸ்காட்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ரிவர்ஸ் என்ற வைத்தியர், அந்தச் சிப்பாய்களைத் திட்டாமல், ஷாக் கொடுக்காமல், எதிரில் உட்கார்ந்து பேசவிட்டுக் கேட்டார். இந்த ரிவர்ஸ் யார் தெரியுமா? அதற்கு முன் நம் நீலகிரிக்கு வந்து தோடர்களோடு பழகி, அவர்களைப் பற்றி 1906இல் பெரிய புத்தகம் போட்டவர். மனிதர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் பழக்கம் அவருக்கு நம் மலையிலும் கொஞ்சம் வந்திருக்கலாமென்று நமக்கு ஓர் எண்ணம்; ருசு கேட்டால் நம்மிடம் இல்லை. இந்தக் காயத்துக்கு அமெரிக்க வைத்தியர்களின் நோய்ப் பட்டியலில் தனிப் பெயர் வந்தது 1980இல்தான்.

நம் தேசத்தில் நடந்ததையும் சொல்லவேண்டும். 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி, இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் வெந்து செத்தார்கள். ஏன் ஓடவில்லையென்றால், சங்கிலியால் கட்டியிருந்தார்கள். மதம் எதுவானாலும் சங்கிலி ஒன்றேதான். அப்படிக் கட்டிவைப்பது 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டப்படி கூடாது. யார் வீட்டிலாவது கட்டிவைத்திருந்தால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்படியானால் வைத்தியரிடம் போகலாமே என்பீர்கள். போகவேண்டியதுதான். இங்கிருந்து நாற்பது ஐம்பது மைலுக்குள், பெங்களூரில், ஓசூர் ரோடு என்று நம்மூர்ப் பேரைத் தாங்கிய ரோட்டின் மேலேயே நிம்ஹான்ஸ் இருக்கிறது. 1954இல் ஏற்பட்டு மனநோய் வைத்தியர்களையும் மனோதத்துவ நிபுணர்களையும் பழக்கி அனுப்பிய நிலையமும் பழைய மைசூர் சமஸ்தானத்து மனநோய் ஆஸ்பத்திரியும் 1974இல் ஒன்றாகி வந்தது அது. ஆனால் இந்தியா முழுவதும் கணக்குப் பார்த்தால் லட்சம் ஜனங்களுக்கு ஒரு மனநோய் வைத்தியர்கூட இல்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி, கியூவில் நின்று, கன்னடத்தில் பதில் சொல்லி, எத்தனை பேர் போய்வர முடியும்? ஆகவே வைத்தியர் எண்ணிக்கை பெருகவேண்டும். பெருகும்வரை காத்திருக்கவும் முடியாது. பக்கத்திலிருப்பவரைப் பழக்கவேண்டும்.

இது கனவு அல்ல. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்து நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டபோது, நிம்ஹான்ஸ்காரர்கள் உபாத்தியாயர்களையும் அங்கன்வாடி ஊழியர்களையும் தொண்டர்களையும் பழக்கினார்கள். என்ன கற்றுக்கொடுத்தார்கள்? மனத்தில் உள்ளதைக் கொட்டவிடுவது, காது கொடுத்துக் கேட்பது, அவர் நிலையில் நின்று பார்ப்பது, உறவையும் ஊரையும் துணை சேர்ப்பது, கைவேலையில் மனத்தைத் திருப்புவது, இளைப்பாறுவது. பட்டியலில் ஆன்மீகத்தையும் சேர்த்திருக்கிறார்கள். அது நமக்குச் சம்மதமில்லை. ஆனால் அந்த ஒன்றுக்காக மற்ற ஆறையும் தள்ளுவது புத்திசாலித்தனமல்ல. தூரத்து ஜிம்பாப்வேயில் சிபாண்டா என்ற வைத்தியர், பாட்டிமார்களைப் பழக்கி ஆஸ்பத்திரி வாசலில் பெஞ்சு போட்டு உட்காரவைத்தார். 573 பேரை வைத்துச் சோதித்து 2016இல் முடிவு வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து, பாட்டியிடம் பேசியவர்களில் நூற்றுக்குப் பதினாலு பேருக்கே மனச்சோர்வுக் குறிகள் மீதி. மற்றவர்களில் நூற்றுக்கு ஐம்பது. பாட்டி மந்திரம் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நல்ல மனசு இருந்தால் போதுமென்று நினைக்காதீர்கள். ஆபத்து நடந்த கையோடு ஒருவனை உட்காரவைத்து, "நடந்ததெல்லாம் சொல்லு" என்று ஒரே தடவை கிளறிவிட்டு அனுப்புவது பல தேசங்களில் வழக்கமாயிருந்தது. சோதித்துப் பார்த்ததில் அதனால் பலனில்லை, சிலருக்குக் கெடுதியும் உண்டு என்று தெரிந்தது. புண்ணைத் தோண்டுவது வைத்தியமல்ல. ஜூடித் ஹெர்மன் என்ற அம்மாள் 1992இல் எழுதிய புத்தகத்தில் ஒரு வரிசை சொல்கிறார். முதலில் பத்திரம், பிறகுதான் நினைவும் அழுகையும், அதன் பிறகு மறுபடி மனிதரோடு கூடுவது. பத்திரமில்லாதவளிடம், அதாவது கடன்காரன் வாசலில் நிற்க, கூரை ஒழுக இருப்பவளிடம், கதை கேட்கப் போகாதீர்கள். முதலில் மனுவை எழுதிக்கொடுங்கள், துணைக்கு ஆள் படுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

பழகுகிறவர் முதலில் கற்கவேண்டியது நாக்கை அடக்குவது. "ஏன் அந்த நேரத்தில் போனாய்?" என்று கேட்கக்கூடாது. "மறந்துவிடு" என்று சொல்லக்கூடாது. கேட்டதைக் கிணற்றடியில் பேசக்கூடாது. நம் ஊர்களில் இதுதான் மிகக் கஷ்டமான பாடம். பயந்த நினைவைக் கொஞ்சங் கொஞ்சமாகச் சொல்லவைத்து அதன் விஷத்தை இறக்கும் முறை ஒன்று இருக்கிறது; பல வாரம் பிடிக்கும்; அது பயிற்சி பெற்ற நிபுணர் வேலை, அதில் நாம் கைவைக்கக்கூடாது. உயிரை விடுகிறேன் என்கிறவரையும், மாதக்கணக்கில் தேறாதவரையும் உடனே அவரிடம் சேர்ப்பதே நம் வேலை. கேட்டுக் கேட்டுக் கேட்பவருக்கும் தூக்கம் கெடும்; அவருக்கும் மேலே ஒருவர் கேட்க இருக்கவேண்டும். பாஷையும் முக்கியம். இவ்வூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் உண்டு. தொழிற்சாலைகளில் ஒடியாவும் இந்தியும். அழுகிறவர் தாய்ப்பாஷையிலேதான் அழுவார்.

நிற்க, செலவு யாருடையது என்று முன்வரிசைத் தோழர் ஒருவர் கேட்கிறார். சர்க்கார் மனநலத் திட்டம் ஜில்லாவுக்கு ஜில்லா இருக்கிறது. 14416 என்ற நெம்பருக்குத் தமிழிலும் இலவசமாகப் பேசலாம். அது 2022 முதல் நடக்கிறது. ஜில்லா ஆஸ்பத்திரி வைத்தியரை மாதம் ஒரு நாள் இவ்வூருக்கு வந்து நம்மவர்களைப் பழக்கும்படி மனுச் செய்வதற்குக் காகிதச் செலவுதான். மனு எழுதியாகிவிட்டது, தலைவரிடம் இருக்கிறது. பழக விரும்புகிற பெண்களில் மூவரும் ஆண்களில் மூவரும் பெயர் கொடுங்கள். அந்த அம்மாளைப் போன்றவர்களிலேயே தேறியவர் யாராவது இருந்தால் அவர் பெயர் முதலில் இருக்கட்டும். பொழுது சாய்கிறது, தகரமும் தீவட்டியும் எடுத்துக்கொண்டு சேர்ந்தே போங்கள்.